மீண்டும் தொடங்கும் கைமுதல்

2022 ஓகஸ்ட் 21ஆம் திகதி இரவு வரை இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபா. விடிந்ததும் 340 ரூபா. யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில், தொண்டைமானாற்றுக் கரையில் ஒரு பைபர் படகும் எஞ்சினும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் என்று வைத்தால், 1,740 ரூபாவில் முடிந்த எண்ணெய்ச் செலவு ஒரே இரவில் 6,800 ஆகிவிட்டது. அதற்காக வலையில் ஒரு மீன்கூட அதிகம் படப்போவதில்லை. அதற்கு முந்திய மாதங்களிலோ விலை பற்றிய பேச்சே எழவில்லை. எண்ணெயே கிடைக்கவில்லை.

இப்படி ஒரு அடி விழும்போது படகுக்காரருக்கு முன்னால் சில வழிகள் இருக்கும். படகைக் கரையில் ஏற்றிவிட்டு விலை இறங்கும்வரை பார்த்திருக்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு படகில் போய் எண்ணெய்ச் செலவையும் பிடிபட்ட மீனையும் பங்கிடலாம். தூரக் கடலை விட்டுக் கரையோரத்திலும் கடல்நீரேரியிலும் சிறு வலை போடலாம். எஞ்சினை விற்றுக் கடனை அடைக்கலாம். கடைசி வழிதான் அந்த நேரத்தில் மிகவும் கவர்ச்சியாகத் தெரியும். கையில் காசு வரும், கடன்காரன் வாசலுக்கு வரமாட்டான், இரவில் நித்திரை வரும்.

ஆனால் அதே ஆண்டின் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியிருந்தது. எஞ்சின் இறக்குமதிப் பொருள். பழைய விலையை மனதில் வைத்து விற்றவர், ஓராண்டு கழித்துப் புதிய விலையில்தான் திரும்ப வாங்க வேண்டும். விற்ற காசோ ரூபாவாகக் கையில் கரைந்துகொண்டிருக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமானது. எஞ்சினை மூடிக் கட்டி வைத்துவிட்டு ஆறு மாதம் கூலி வேலைக்குப் போனவர், விலை ஓரளவு படிந்ததும் மறுநாளே கடலில் இறங்கலாம்.

இந்தக் கட்டுரை சொல்லவரும் விடயம் இதுதான். அடி விழுந்த நாளில் நேற்றைய வியாபாரத்தை அப்படியே தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். திரும்பத் தொடங்குவதற்கான கைமுதலைக் காப்பாற்றுங்கள். கைமுதல் என்றால் காசு மாத்திரமல்ல. தொழிற்கருவி, கையிலுள்ள தொழில், கடைத்தெருவில் உங்களுக்கிருக்கும் நாணயம், பத்திரங்கள், உடம்பு எல்லாம் அதில் அடங்கும். இவற்றில் எது தப்பினாலும் ஒரு தொழிலை மறுபடி எழுப்பலாம்.

முதல் கிழமை

முதல் கிழமையில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். கடையை மூடுவது, காணியை ஈடு வைப்பது, வெளிநாடு போக ஏஜென்சிக்குக் காசு கட்டுவது எல்லாம் இரண்டாம் மாத வேலைகள். முதல் கிழமைக்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

மூன்று எண்களை எழுதுங்கள். இன்று கையிலும் வங்கியிலும் உள்ள காசு. வீட்டுச் சீவியத்துக்கு மாதம் தவறாமல் வேண்டியது: அரிசி, மருந்து, பள்ளிக்கூடம், மின்சாரம். தவணை தப்பினால் பொருளோ காணியோ பறிபோகக்கூடிய கடன்களின் மாதத் தவணை. பின்னிரண்டையும் கூட்டி, அதால் முதலாவதைப் பிரித்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று தெரியும். பலர் இந்தக் கணக்கைப் போடப் பயப்படுகிறார்கள். போட்டுப் பார்த்தவர்களுக்கு விடை பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வரும்: பயந்ததைவிட அதிகக் காலம் இருக்கும், அல்லது உடனே செலவைக் குறைத்தாக வேண்டும் என்று தெளியும். இரண்டும் பயத்தைவிட மேல்.

இந்த எண்ணைச் சரியாகப் போட முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணந்தான். வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே லாச்சியில் கிடக்கின்றன. மீன் வாங்கவும் லாச்சி, மகளின் ரியூசனுக்கும் லாச்சி, மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவும் அதே லாச்சி. நல்ல காலத்தில் இது வசதி. கெட்ட காலத்தில் எது எதைத் தின்றது என்றே தெரியாது. கடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டு, மீதியைத் தொடாமல் விடுங்கள். அடி விழுந்தபின் தொடங்கினாலும் பிந்திவிடவில்லை.

சேமிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஆலோசகர்கள் விதவிதமாகச் சொல்வார்கள். வடமராட்சிக் கடற்கரைக்கு அது புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விடயமல்ல. வாடை பெயர்ந்து ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது தொழில் பல நாட்கள் நிற்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த மாரிக்கு ஒதுக்கத் தெரிந்த குடும்பத்துக்கு, பங்குனியில் வரும் அடியையும் அதே ஒதுக்கால் சமாளிக்கலாம். மூன்று மாதச் சீவியம் என்ற அளவை மாதச் சம்பளக்காரரும் வைத்துக்கொள்ளலாம். அரச உத்தியோகத்தருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்தினால் போதும். அப்போது சம்பளம் வந்தது; அதற்கு வாங்கக்கூடியது வெகுவாகக் குறைந்தது.

கடன்காரருக்கு முன்னால் போய் நிற்பது

2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கடன் வசதி வீதத்தை 7.5இலிருந்து 14.5 வீதத்துக்கு ஒரே நாளில் உயர்த்தியது. ஜூலையில் அது 15.5 ஆனது. மிதக்கும் வட்டிக்குக் கடன் எடுத்திருந்த சிறு வியாபாரிகள் தாங்கள் எதுவும் பிழை செய்யாமலே நட்டத்துக்குள் போனார்கள். முதல் உயர்வுக்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 12இல், நாடே தன் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஒரு நாடு தன் கடன்காரரிடம் போய்த் தவணை கேட்கலாம் என்றால், தையற்கடைக்காரி வங்கி முகாமையாளரிடம் போய்க் கேட்பதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

போகும் நாள்தான் முக்கியம். தவணை தப்புவதற்கு முன் போக வேண்டும். மூன்று தவணை தப்பியபின் போகிறவரை வங்கி வேறு கண்ணால் பார்க்கும். கடன் தகவல் பணியகத்தில், மக்கள் வாயில் ‘கிரிப்’ என்று வழங்கும் பதிவில், அதற்குள் பெயர் கறுத்திருக்கும். போகும்போது வாயால் சொல்லிவிட்டு வராமல் ஒரு கடிதம் கொடுங்கள். என்ன நடந்தது, இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும், எத்தனை மாதத்துக்கு இந்தக் குறைப்பு வேண்டும் என்று மூன்று வரி போதும். பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கி மறுக்கலாம். மறுத்தாலும் பின்னால் வழக்கோ சலுகைத் திட்டமோ வரும்போது அந்தக் கடிதம் உங்களுக்காகப் பேசும்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் நகை என்பது கழுத்தில் தொங்கும் வங்கிக் கணக்கு. அடகு வைப்பதில் குற்றமில்லை. எதற்கு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. அறுந்த வலைக்குப் பதில் புது வலை வாங்க, பழுதான மெசினைத் திருத்த, அடுத்த போகத்துக்கு வெங்காய விதை வாங்க வைக்கலாம். பழைய கடனின் வட்டியைக் கட்ட நகையை வைப்பது, நகையும் போய்க் கடனும் நிற்பதாகத்தான் முடியும். மீற்றர் வட்டிக்காரரிடமோ, கிழமைக்குக் கிழமை குழுவாக இருத்தி வசூலிக்கும் நுண்கடன் கம்பனியிடமோ போய் முன்னைய கடனை அடைப்பது அதைவிடக் கேடு. வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் நின்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசே பொறுப்பேற்க வேண்டிவந்தது. அந்த அளவுக்கு அது குடும்பங்களைத் தின்றிருந்தது.

யாருக்கு முதலில் கொடுப்பது? என் வரிசை இது: வேலையாட்களின் சம்பளம், பிறகு சிறிய கொள்முதல்காரர், பிறகு பெரியவர்கள். கணக்காளர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். ஆனால் நெல்லியடிச் சந்தியில் உங்களுக்குக் கடனுக்குச் சாமான் தந்த சிறு வியாபாரிக்கு, நெருக்கடியிலும் பாதிக் காசாவது கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த முறை முதல் மூட்டை உங்களுக்குத்தான் வரும். அதுதான் நாணயம்.

கரை போனாலும் கை போகாது

தொண்டைமானாறும் பக்கத்து வல்வெட்டித்துறையும் ஒரு காலத்தில் கப்பல் ஊர்கள். பாய்மரக் கப்பல்கள் பர்மாவின் தேக்கையும் அரிசியையும், இந்தியக் கரையின் கூரை ஓடுகளையும் ஏற்றி இறக்கின. நீராவிக் கப்பல் அந்தச் சரக்கை மெல்ல மெல்லப் பறித்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் ராபின்சனின் கைக்குப் போனது. அவர் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆயிற்று. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சுயெஸ் வழியாக, அத்லாந்திக்கைக் கடந்து ஓட்டிச் சென்று 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சரக்குத் தொழில் சரிந்துகொண்டிருந்த காலத்தில் சந்தை மதித்தது, மரக்கலம் கட்டத் தெரிந்த கையையும் ஓட்டத் தெரிந்த கண்ணையுந்தான்.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் சுங்கமும் குடிவரவுச் சட்டமும் இறக்குமதிக் கட்டுப்பாடும் பாக்கு நீரிணையைக் குறுக்கே பூட்டின. பாட்டன் செய்த அதே பயணத்தைப் பேரன் செய்தபோது அதற்குக் கள்ளக்கடத்தல் என்று பெயர் வந்தது. திறமை இருந்து, அதற்குச் சட்டப்படியான சந்தை இல்லாமற் போனால் அது போகும் வழி எப்போதும் நல்ல வழியாக இருக்காது. ஆகவே கைத்தொழிலைக் காப்பது மாத்திரம் போதாது. அதை வாங்கக்கூடிய இரண்டாவது ஆளையும் முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும்.

மேற்கே கொஞ்ச தூரத்தில் மயிலிட்டி. வடக்கின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. 1990இல் மக்கள் வெளியேற, உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன அந்தத் துறைமுகம் 2017 ஜூலை 3ஆம் திகதிதான் விடுவிக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டு. அந்தக் காலம் முழுவதும் மயிலிட்டிக் கடற்றொழிலாளர் பலர் முகாம்களிலும் பிறர் கரைகளிலும் இருந்தே தொழில் செய்தார்கள். அடுத்தவர் கரையில் இறங்குவது இலேசான காரியமல்ல. வலை போடும் இடமும் முறையும் அங்குள்ள சங்கத்துடையவை. பணிந்து கேட்டு, பங்குக்குப் போய், பெயர் எடுத்துப் பிறகுதான் தனியாக வலை போடலாம். இடம் மாறிப் புதிய அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் ஒரு பொறியியலாளரோ கணக்காளரோ இதைப் படித்தால் நல்லது. பழைய பதவியின் பெருமையை வாசலில் விட்டுவிட்டு, ஓராண்டு பங்குக்குப் போகலாம்.

கட்டடத்தைவிட்டு வேலையைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒரு நிறுவனத்தையும் தொண்டைமானாறே தந்திருக்கிறது. விஞ்ஞான மாணவர்களின் வெளிக்கள ஆய்வுக்கென்று ஆசிரியர்கள் உருவாக்கியது தொண்டைமானாறு வெளிக்கள நிலையம். ஊரைக் கண்ணால் காணாத உயர்தர மாணவருக்கும் அந்தப் பெயர் தெரியும், அதன் வினாத்தாள்களால். போர்க்காலத்திலும் அந்தப் பரீட்சைகள் நடந்தன. நிலையம் கொடுத்தது ஆசிரியர்கள் கூடி அமைத்த தரமான கேள்வி. அதற்கு ஒரு மேசையும் அச்சடிக்கும் வசதியும் போதும். உங்கள் கடையில், கம்பனியில், வகுப்பில், வாடிக்கையாளர் உண்மையில் எதற்காக வருகிறார் என்று கேளுங்கள். அதைச் சுவர் இல்லாமல் எவ்வளவு சிறிதாக நடத்தலாம் என்று இன்றே எழுதி வையுங்கள்.

சம்பளக்காரருக்கு

வேலை போனால் வெட்கத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய உங்கள் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ‘சும்மா ஒரு இராஜினாமாக் கடிதம் தாரும், மற்றதைப் பேந்து பார்ப்பம்’ என்ற வேண்டுகோள் இந்தப் பாதுகாப்பைத்தான் உங்கள் கையாலேயே கழற்ற வைக்கிறது. ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் கட்டியிருக்க வேண்டும். கட்டப்பட்டதா என்று வேலை இருக்கும்போதே பாருங்கள்.

அடுத்தது வெளிநாட்டுக் காசு. இதைத் தொடாமல் யாழ்ப்பாணத்துப் பொருளாதாரம் பற்றி எழுதுவது வீண். ரொறன்ரோவிலோ லண்டனிலோ தம்பி இருந்தால், நெருக்கடியில் முதல் அழைப்பு அங்கேதான் போகும். போகட்டும். ஆனால் மாதா மாதம் சீவியத்துக்கு என்று கேட்கும் காசு, இரு பக்கத்திலும் மனக்கசப்பை வளர்க்கும். உழைக்கும் கையையும் மெல்லச் சோம்பலாக்கும். ‘தம்பி, மாசா மாசம் அனுப்ப வேண்டாம். மெசின் ஒண்டு வாங்க ஒருக்கா உதவு, சித்திரைக்குள்ள கணக்குச் சொல்லுறன்’ என்று கேட்கும் அக்காவுக்கு, கேட்ட காசும் கிடைக்கும், தம்பியின் மரியாதையும் நிற்கும்.

பத்திரங்களும் உடம்பும்

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இரவோடிரவாக இடம்பெயர்ந்தது. 2004 டிசெம்பர் 26 காலை கடல் வடமராட்சிக் கரைக்குள் ஏறியது. இரண்டிலும் வீட்டைவிட்டு ஓடியவர்களில், காணி உறுதியையும் பிறப்புச் சான்றையும் ஒரு பையில் தனியாக வைத்திருந்தவர் பின்னால் அலைந்த அலைச்சல் மிகக் குறைவு. இன்று இதற்கு ஒரு பின்னேரம் போதும்: உறுதி, அடையாள அட்டை, வியாபாரப் பதிவு, படகுப் பதிவு, காப்புறுதி, கல்விச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வேறு ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கடன் கொடுத்தவர், கொடுக்க வேண்டியவர் பட்டியலையும் அதோடு சேருங்கள். அது பலருக்குத் தலைக்குள் மாத்திரம் இருக்கிறது. தலை ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளில் வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது.

உடம்பைப் பற்றி வழிகாட்டிகள் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பாதிப்பதை எழுதிக் காட்டியவர். அப்படியானால் மருந்தின் ஒரு பகுதியும் ஊரில்தான் இருக்க வேண்டும். தொழில் இழந்தவர் முதலில் செய்வது வெளியே போவதை நிறுத்துவது. கலியாண வீடு, சங்கக் கூட்டம், கோயில் எல்லாம் ஒவ்வொன்றாக நிற்கும். அடுத்தது போத்தல். இந்த இரண்டையும் முதல் மாதத்திலேயே தடுக்கப் பாருங்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே பந்தியில் இருக்க யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. வேலையில்லாத நாளில் அதே பந்தியில் பரிமாறவும் ஆள் வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்து போக ஓரிடம் இருப்பது பெரிய காரியம். நித்திரை கிழமைக்கணக்கில் வராவிட்டால், உயிர்மேல் வெறுப்பு வந்தால், காத்திருக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணை அழையுங்கள்.

தாங்கக்கூடாத அடிகள்

எங்கள் மக்கள் எதையும் தாங்குவார்கள் என்று மேடையில் பாராட்டுவோரைக் கேட்கும்போது எனக்குச் சந்தேகம் வரும். தொண்ணூறுகளில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம் என்பது உண்மை. கெட்டித்தனந்தான். ஆனால் அந்தப் பொருளாதாரத் தடை நீங்கியிருக்க வேண்டியது. அதற்குப் பழகிக்கொண்டிருக்க வேண்டியதல்ல. அடிகளில் இரண்டு வகை உண்டு. புயலும் கடல்கோளும் கேட்டு வருவதில்லை. மனிதர் செய்யும் அடியைத் தாங்குவது, அடுத்த அடிக்கு அழைப்பு விடுவது.

வடமராட்சிக் கடலில் இதற்குப் பழைய உதாரணம் இழுவைப் படகு. அது அறுத்துப்போட்டதால், இரவில் விரித்த வலையை விடியும்போது துண்டு துண்டாக எடுக்கும் குடும்பத்துக்கு இலட்சக் கணக்கில் நட்டம். இலங்கைக் கடலில் அடிமடி இழுவையை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் வலை அறுபடாமல் இருக்காது. ஆனால் தனியாகப் புலம்புவதற்கும் சங்கத்தின் மூலம் முறைப்பாடு பதிவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. சந்தையில் ஒரு பெரிய வாடிக்கையாளர் காசைக் கொடுக்காமல் இழுத்தடித்தாலும், கட்டட முதலாளி திடீரென்று வாடகையை ஏற்றினாலும் இதே வழிதான். பாதிக்கப்பட்ட மற்றவர்களை முதலில் கண்டுபிடியுங்கள். அவர்களோடு சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

கேட்கப் போகும்போது கையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்பதில் பாதிக் காரியம் தங்கியிருக்கிறது. அறுந்த வலையின் படம், திகதி, நேரம், ஜீபீஎஸ் கருவி காட்டிய இடம், கூடப் போனவர் பெயர், வலை வாங்கிய பற்றுச்சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கம். பற்றுச்சீட்டைத்தான் பலர் வாங்குவதே இல்லை. கடைக்காரர் தெரிந்தவர், எதற்கு என்று விட்டுவிடுவார்கள். இழப்பீடு பேசும் மேசையில் அந்தத் துண்டு இல்லாதவரின் நட்டம் எவ்வளவு என்று எழுத அதிகாரியிடம் ஒரு எண்ணும் இருக்காது. அடுத்த முறை வலை வாங்கும்போது, கடைக்காரர் ஒன்றுவிட்ட அண்ணனாகவே இருந்தாலும், சீட்டை எழுதித் தந்தபின் கடையைவிட்டு இறங்குங்கள்.